இருபத்து மூன்றாம் செடி

கேஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிற ரகம் நான். வந்து பார்த்தால் எப்போதும் அணைத்துத்தான் இருக்கும். இப்படி ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்துகொண்டே வாழ்ந்தவள், உண்மையிலேயே பயந்திருக்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்த அன்றைக்கு மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். ஜேடர்பாளையம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொன்னால் மலை கோபித்துக்கொள்ளும். மொட்டைப் பாறை, நடுநடுவே வெடிப்பு, வெடிப்பில் கொஞ்சம் மண், கொஞ்சம் முள். அந்த வெடிப்புகளில்தான் அந்தச் செடியை முதலில் பார்த்தேன். இலை கிடையாது. விரல் தடிமனில் நான்கு பட்டை வைத்த பச்சைத் தண்டு, பட்டையின் விளிம்பில் பல் பல்லாக வெட்டு. எங்கள் பக்கத்து ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கள்ளிமுளையான்தான் என்று எண்ணித் தாண்டிப் போயிருப்பேன். பூ இருந்ததால் நின்றேன். கள்ளிமுளையான் பூவில் கருஞ்சிவப்பு வரி ஓடும். இதில் வரியே இல்லை. வெளிறிய மஞ்சளில் சின்ன நட்சத்திரம், ஓரத்தில் மெல்லிய முடி. பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால் மட்டும் இரண்டும் ஒரே சாதி. செத்த எலி வாடை.

பூவின் நிறம் மாறியிருந்தால் மட்டும் தனி இனம் ஆகிவிடாது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு என்று இருப்பதில்லையா? படம் அனுப்பிக் கேட்ட துறைப் பெரியவர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மரபணுவைப் பார்த்தால்தான் முடிவு தெரியும். அதை வீட்டில் விளக்கியபோது என் கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அவர். "பாடிய மாத்தலாம், பெயிண்ட மாத்தலாம். சேசிஸ் நம்பர் மாறாது. அதானே சொல்ற?" என்றார். அதேதான். என் வகுப்பில் மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் பெயரைச் சொல்லாமல்.

அவசரம் ஏன் என்றால், அந்தக் கரட்டுக்குக் கல் குவாரி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் போய்ச் செடியைப் பற்றிச் சொன்னேன். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கள்ளிமுளையான் தன் மாமனார் காட்டிலேயே கிடக்கிறது என்றார். இது வேறு என்றேன். அப்படியானால் வேறு என்று எழுத்தில் கொண்டுவாருங்கள், ஆய்வுக்கு வரும்போது வைத்துப் பார்க்கிறோம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பெயரில்லாத செடிக்காக யார் எதை நிறுத்துவார்கள்?

கரட்டில் எனக்குத் துணை ஓர் அக்கா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். மேச்சேரி ரகச் செம்மறி ஆடு அறுபது எழுபது வைத்து அவரும் அவர் வீட்டுக்காரரும் மேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே நான் பாறை வெடிப்பில் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து, ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். செடியைக் காட்டியதும் சிரித்தார். அது மற்ற முளையான் இல்லை, அவர்கள் ஆட்கள் அதைத் தண்ணி முளையான் என்பார்கள், தின்றால் மற்றது போலப் புளிக்காது, தாகம் அடங்கும் என்றார். நான் இரண்டு பெரியவர்களிடம் கேட்டும் கிடைக்காத பதிலை அவர் நாக்கில் வைத்திருந்தார். ஆனால் நாக்கை எழுத்தில் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுக்க முடியாதே.

கரடு முழுக்க அலைந்து எண்ணினோம். இருபத்து மூன்று தூர் இருந்தது. ஒவ்வொன்றிலும் நகத்தளவு தோல் சீவி, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு சின்னப் பையில் போட்டு எண் எழுதினேன். இருபத்து இரண்டு தூரும் கிழக்குச் சரிவில். இருபத்து மூன்றாவது மட்டும் தனியாக, வடக்குப் பக்கம் ஒரு உருண்டைக் கல்லின் அடியில். "இது மட்டும் நாங்க ஊனாததுங்க டீச்சர். தானா வந்தது. இந்த வருசந்தான் பூவே பார்க்கறேன்" என்றார் அக்கா.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செடியைப் புதிய இனம் என்று அறிவிக்க வேண்டுமானால் முழுச் செடி ஒன்றை வேரோடு எடுத்து, அழுத்தி, காயவைத்து, தாளில் தைத்து, என்றைக்கும் அழியாமல் ஓரிடத்தில் வைக்க வேண்டும். இந்தப் பெயர் இன்னதற்குத்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. யாரோ ஊன்றி வைத்ததைவிடத் தானாக முளைத்தது நல்ல சாட்சி இல்லையா? தவிர, கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிடுங்குவதற்குத் தனியாக நிற்பதைப் பிடுங்கினால் பாதகமில்லை என்று கணக்குப் போட்டேன். உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே, குச்சியால் மண்ணை நெகிழ்த்தி, ஒரு வேர் அறுபடாமல் எடுத்தேன். எடுக்கும்போது விரல் நீளத்துக்கு ஒரு தண்டு மட்டும் ஒடிந்து விழுந்தது.

அக்கா குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். எடுத்த கையோடு, நான் தோண்டிய குழியிலேயே அதை அழுத்தப் போனார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேண்டாம் என்று கையைத் தடுத்தேன். அவர்கள் ஆட்களின் வழக்கம் அதுவாம். தண்ணி முளையானை ஒடித்துத் தின்றவர்கள் ஒரு துண்டைப் பக்கத்து வெடிப்பில் ஊன்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஊன்றாமல் தின்றால் அடுத்த தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை. அதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் ஊன்றியது எது, இயற்கையாக முளைத்தது எது என்று தெரியாமல் என் கணக்கெல்லாம் கெட்டுப்போகும், இனிமேல் இந்தப் பாறையில் ஒன்றுகூட ஊன்றக் கூடாது என்று, மாணவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "செரீங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தத் துண்டை அவர் என்ன செய்தார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செடியைக் கொதிநீரில் முக்கி எடுத்தேன். சதைப்பற்றுள்ள செடியை அப்படியே அழுத்தி வைத்தால் சாகாது, தாளுக்குள் இருந்துகொண்டே தளிர் விடும். அதனால் முதலில் கொன்றுவிட வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் சொல்லித் தருகிறேன். வாடையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்த கணவர், "என்ன, புது ரசமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

தோல் சீவிய பைகளை வேறு ஊரில் ஆய்வகம் வைத்திருக்கும் என் கல்லூரித் தோழிக்கு அனுப்பினேன். நாலைந்து மாதம் ஆயிற்று. அந்த நாலைந்து மாதத்தில் நான் பட்ட பாடு வீட்டுக்குத்தான் தெரியும். எண்ணை மாற்றி எழுதியிருப்பேனோ, பை வழியில் வெயிலில் கிடந்திருக்குமோ, எல்லாம் சரியாக இருந்து கடைசியில் இது சாதாரணக் கள்ளிமுளையான்தான் என்று வந்துவிடுமோ. 

பங்குனியில் ஒரு மத்தியானம் தோழி கூப்பிட்டாள். வகுப்பை விட்டு வராந்தாவுக்கு ஓடினேன். சந்தேகமே இல்லை, தனி இனம், கள்ளிமுளையானிலிருந்து பிரிந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும் என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. 

"இருபத்து மூணு செடின்னு அனுப்பின இல்ல? ஒண்ணுலேர்ந்து இருபத்து ரெண்டு வரைக்கும் ஒரே செடிடி. ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்திருப்பேன். யாரோ ஒருத்தர் எந்தக் காலத்திலோ ஒரு துண்டை ஊன்றியிருக்கிறார். அதிலிருந்து ஒடித்து இன்னொருவர், அதிலிருந்து இன்னொருவர். இருபத்து இரண்டு வண்டிக்கும் ஒரே சேசிஸ் நம்பர். இந்த வகைச் செடி தன் பூந்தூளில் தானே காய்க்காது, வேறொரு செடியின் தூள் வேண்டும். கிழக்குச் சரிவில் அத்தனை பூ பூத்தும் இரண்டு வருடத்தில் ஒரு காயைக்கூட நான் பார்த்ததில்லை. ஏதோ மழை போதவில்லை என்று எழுதி வைத்திருந்தேன். படித்தவள் எழுதிய குறிப்பு.

"இருபத்து மூணு மட்டும் வேற" என்றாள் தோழி. "அது ஒண்ணுதான் இதுக்கு ஜோடி. அத பத்திரமா பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து, செடியை அழுத்தி வைத்திருந்த மர அச்சைத் திறந்தேன். திறந்தால் என்ன இருக்கப்போகிறது என்று தெரியும். ஆனாலும் திருகாணியை அவ்வளவு வேகமாகக் கழற்றினேன். செய்தித்தாளுக்கு நடுவே பழுப்பாக, தட்டையாக, ஒரு வேர் அறுபடாமல் இருந்தது. எங்கோ ஒரு கரட்டிலிருந்து காற்றில் பறந்துவந்து விழுந்த விதை. அந்தக் கரடு இப்போது இருக்கிறதோ, ஜல்லியாகிச் சாலையில் கிடக்கிறதோ. பல வருடம் வளர்ந்து முதல் முறை பூத்த அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். தனி இனம் என்று நிரூபிக்க வந்தவள், அது இனி இனமாகத் தொடராமல் செய்துவிட்டேன். அன்று இரவு அச்சை மூடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

அப்போதுதான் ஒடிந்த துண்டு ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் கரட்டுக்குப் போனேன். உருண்டைக் கல்லடியில் நான் தோண்டிய குழி அப்படியே இருந்தது. ஒன்றும் இல்லை. சுற்றிலும் முட்டி தேயத் தேடினேன். நான் சொன்னதை அக்கா கேட்டுவிட்டிருக்கிறார். வாழ்க்கையில் என் சொல்லை ஒருத்தர் தட்டியிருக்கக் கூடாதா என்று அன்றுதான் ஏங்கினேன். கீழே மாட்டுக்கொட்டாய் வைத்திருந்தவரைக் கேட்டேன். ஆடுகளை வாழப்பாடிப் பக்கம் ஓட்டிப் போய்விட்டார்கள், அறுத்த காட்டில் எருவுக்காகப் பட்டி போட, மழை வந்தால்தான் திரும்புவார்கள் என்றார். அவர் கொடுத்த அக்காவின் கைபேசி எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு நாள் கூப்பிட்டேன். ஐந்தாம் நாள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாழப்பாடிக்குப் பஸ் ஏறினேன்.

வழி முழுக்க ஒரே யோசனை. அந்தத் துண்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆடு தின்றிருக்கலாம். அவரே தின்றிருக்கலாம். தாகம் அடங்கத்தானே அது. கையில் இருந்ததை வாயில் போட எத்தனை நேரம் ஆகும்?

இரண்டு ஊர் விசாரித்து, ஒரு மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் பட்டியைக் கண்டுபிடித்தேன். அக்கா வேலி வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் கேட்டார். முகம் அப்படி இருந்திருக்கிறது. தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்காமலே கேட்டேன். அன்றைக்கு ஒடிந்த துண்டை என்ன செய்தீர்கள் என்று.

அவர் யோசித்தார். "அன்னைக்கு வெயிலுங்க. நல்ல தாகம். வாய்க்குப் பக்கத்துல கொண்டுட்டுப் போயிட்டேன்" என்றார்.

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா தின்னா ஊனோணுமுங்களே. நீங்கதான் ஊனக் கூடாதுன்னுட்டீங்க. ஊனாம எப்புடித் தின்கறது? மடியில போட்டுட்டு ஊட்டுக்குக் கொண்டுட்டு வந்துட்டனுங்க."

"ஊட்டுல?" என்றேன்.

"காம்பவுண்டுச் செவுத்து மேல ஒரு பெயிண்ட் டப்பா இருக்குதுங்க, ஊதாக் கலரு. அதுல ஊனி வெச்சேன். பாறையிலதானுங்க ஊனக் கூடாதுன்னீங்க. ஊட்டுல ஊனக் கூடாதுன்னு சொல்லலீங்களே" என்றார். ஏதோ திட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் பயந்துதான் சொன்னார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருடைய ஆட்கள் ஊன்றியது எல்லாம் ஒரே செடி என்றபோது அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. பின்னே, ஒன்றிலிருந்து ஒடித்து ஊன்றினால் ஒன்றாகத்தானே இருக்கும் என்றார். நான் மற்றதைக் கொதிநீரில் போட்டேன் என்றபோதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  திட்டியிருந்தால் தேவலை.

போகும்போதைவிடத் திரும்பும்போது பயம் அதிகமாக இருந்தது. இல்லை என்று நினைத்ததைத் தேடிப் போவது ஒரு விதம். இருக்கிறது என்று சொன்னதை இழந்துவிடுவோமோ என்பது வேறு விதம். வீடு பூட்டி இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீர் யார் ஊற்றியிருப்பார்கள்? காற்றில் டப்பா விழுந்திருக்காதா? பக்கத்து வீட்டு வெள்ளாடு எட்டாத உயரமும் உண்டா?

அக்கா சொன்ன அடையாளத்தை வைத்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். டப்பா இருந்தது. அதில் மூன்று தண்டு. சுருங்கி, பட்டையெல்லாம் ஒட்டிப்போய், பச்சை குறைந்து இருந்தது. நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஈரம். அக்காவிடம் அனுமதி வாங்கியிருந்ததால் நகத்தில் பாதி அளவுக்குத் தோல் சீவி எடுத்துக்கொண்டேன். டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாமா என்று தோன்றியது. அப்புறம், இத்தனை நாள் அதைக் காப்பாற்றியது அந்தச் சுவரும் அந்த அக்காவும்தான், கொன்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம், இந்த டப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தரம் சொன்னேன். பெயிண்ட் டப்பாவுக்குக் காவல் போடுகிற பைத்தியத்தை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

அது இருபத்து மூன்றின் துண்டுதானா என்று உறுதியாக வேண்டும். அக்கா தவறாக நினைவு வைத்திருக்கலாம். வேறொரு நாள் கிழக்குச் சரிவில் ஒடித்ததாக இருக்கலாம். தோழி பதில் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். அந்த மூன்று வாரமும் நான் அடுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. அணைத்தேனோ இல்லையோ. தினமும் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில்தான் அலுவலகத்துக்கான கடிதத்தையும் எழுதினேன். தனி இனம் என்று எழுதுவது சுலபம். மரபணுக் கணக்கில் இருந்தது இரண்டே செடி, அதில் ஒன்றை நான் பிடுங்கிவிட்டேன் என்று எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே செடிதானே, தொட்டியில் வைத்துக் கல்லூரியில் வளர்த்துக்கொள், பாறையை விடு என்று சொல்லிவிட்டால்? அந்த வரியை அடித்தேன், எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில் எழுதித்தான் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, அந்த வரியை இன்னொரு முறை படித்து, கோப்பில் சேர்த்துக்கொண்டார். குவாரி மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் அது வேறு குவாரியாக இருக்கும்.

தோழியின் பதில் ஒரே வரியில் வந்தது. இருபத்து மூன்றேதான்.

ஆவணியில் முதல் நல்ல மழை பெய்தது. ஆடுகள் திரும்பின. மண் ஈரம் காயும் முன் நானும் அக்காவும் கரட்டுக்கு ஏறினோம். அந்த மூன்று தண்டில் இரண்டை ஒடித்து அவர் மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்றை டப்பாவிலேயே விட்டு வரச் சொன்னது நான். ஏதாவது ஆகிவிட்டால் என்று. கிழக்குச் சரிவில், பழைய செடிகளின் பூவிலிருந்து ஈ பறந்து வரும் தூரத்தில், ஒரு வெடிப்பைப் பார்த்து வைத்திருந்தேன். அதில் மண் ஈரமாக, நெகிழ்ந்து இருந்தது.

அக்கா வெடிப்பின் அருகில் குந்தினார். துண்டைக் கையில் எடுத்தார். அவர் பிறந்ததிலிருந்து அந்தப் பாறையில் செய்துவந்த காரியம், யாரையும் கேட்காமல் அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் செய்த காரியம். ஊன்றப் போனவர் அப்படியே நிறுத்தி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இப்ப ஊனலாங்களா டீச்சர்?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே என் அனுமதிக்காகக் காத்திருந்தார். ஊனுங்கக்கா என்று சொல்லிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் குந்தினேன்.